சுவர் பார்க்க வந்த ஓவியங்கள்

உடுமலையில் வரவேற்பறைக்கு ஓவியம் வேண்டுமென்றால் யாரும் கடைக்குப் போவதில்லை. ஓவியம்தான் தரகரோடு வீடு தேடி வந்து, சோபாவில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துவிட்டுப் போகும். பிடித்துவிட்டால் மறுநாள் காலையில் ஓர் ஆணி அனுப்பும். பிடிக்காவிட்டால், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ளும்.

நாச்சிமுத்துவின் வீட்டுச் சுவரைப் பார்க்கத் தை மாதத்திலிருந்தே ஓவியங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஆனி பிறந்தும் ஒன்றும் அமையவில்லை.

சுவரைக் குறை சொல்ல முடியாது. வரவேற்பறையில் தெருவை ஒட்டி நின்ற சுவர் அது. நுங்கின் நிறம். ஒரு மேடு பள்ளம் கிடையாது. உள்ளங்கையை வைத்தால் எடுக்க மனம் வராது. வலது ஓரத்தில் ஒரு சுவிட்சுப் பலகை, அதன் பின்னால் குடியிருந்த ஒரு பல்லி, இரண்டையும் தவிர அதன்மேல் வேறு எதுவும் இல்லை. நூல் மில்லில் காலமெல்லாம் இரைச்சலுக்கு நடுவே நின்று ஓய்வு பெற்ற நாச்சிமுத்து, அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தால் காதுக்குள் அமைதியாகிவிடும் என்று சொல்வார். அது உண்மைதான். வேறு சிலருக்கும் அப்படி ஆகியிருக்கிறது.

பூச்சு வேலை முடிந்த நாளிலிருந்து காலையும் மாலையும் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு அதற்குத் தண்ணீர் விட்டவர் அவர். போதும் சாமி, நனைந்தது போதும் என்று கொத்தனார் கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் விட்டார். உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் சுவரை நனைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் மனைவி துளசிமணி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்துவிட்டுப் போவாள். அவர் சுவரைப் பார்த்தபடியே அதைக் குடிப்பார்.

கவலை என்னவென்றால் ஆடி. புது வீட்டின் முதல் ஆடி பிறப்பதற்குள் ஓவியம் அமையாத சுவர், மனம் வெறுத்துத் திரும்பிக்கொள்ளும். உள்முகம் தெருவுக்குப் போய்விடும், தெருமுகம் வீட்டுக்குள் வந்துவிடும். எதிர்வீட்டுக் குப்புராஜுக்கு அப்படித்தான் ஆனது. எனாமல் பூசி, கண்ணாடி மாதிரி வைத்திருந்த அவருடைய சுவர் இப்போது தெருவைப் பார்த்து நிற்கிறது. அதன்மேல் காதணி விழாச் சுவரொட்டிகளும் கண்ணீர் அஞ்சலிகளும் மாறி மாறி ஒட்டப்படுகின்றன. ஆண்கள் வண்டியை நிறுத்திவிட்டு அதன் பக்கம் போகிறார்கள். வீட்டுக்குள்ளோ, ‘இங்கே விளம்பரம் செய்யாதீர்கள்’ என்று அவரே தார் தொட்டு எழுதிய எழுத்து, சோறு தின்னும்போதெல்லாம் அவர் முகத்துக்கு நேராக நிற்கிறது. அவர் மனம் நோகுமென்று, அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்களைக்கூடச் சொல்வதில்லை.

தன் சுவர் அப்படித் தெருவைப் பார்த்து நிற்பதை நினைத்தாலே நாச்சிமுத்து எழுந்து போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார்.

முதலில் வந்தது, கடலில் சூரியன் மறைகிற ஓவியம். பெரிய இடம். காரில் வந்து இறங்கியது. கண்ணாடி போட்ட தேக்குச் சட்டம், நாலு மூலையிலும் பித்தளைப் பூண். துளசிமணி வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் வைத்தாள். கேசரியை மட்டும் எடுத்துக்கொண்டது. எண்ணெய் வண்ணத்தில் பிறந்த உடம்பு, மேற்கொண்டு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்றார் தரகர் வெள்ளியங்கிரி.

நாச்சிமுத்து சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆற்று மணல் கிடைக்க அலைந்தது, சலித்த மணலை மறுபடி சலித்தது, மாலை வெளிச்சம் விழும்போது சுவரின் நிறம் மூன்று தடவை மாறுவது. மாலை வெளிச்சமும் அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக விழுந்தது. எல்லாரும் சுவரையே பார்த்தார்கள். தரகர் பஜ்ஜியைக் கடிக்க மறந்து பார்த்தார். கார் ஓட்டி வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தார். கடலும் அலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பாதி மறைந்த சூரியன், மீதியையும் மறைத்துக்கொண்டது.

ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள்.

அடுத்து, ஓடும் குதிரைகள் ஏழு. அந்தக் குடும்பத்துக்கு ஊரில் ஏக கிராக்கி. அவை வந்து மாட்டிக்கொண்ட வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள் என்று பேச்சு. கொள்ளு வேகவைத்து வைத்ததை நின்றபடியே தின்றன, நின்றபடியே நிபந்தனைகளும் சொல்லின. மேலிருந்து விளக்கு வேண்டும். அறையில் தொலைக்காட்சி இருக்கக் கூடாது. ஏசி வேண்டும், ஓடுகிற உடம்பு. எல்லாவற்றுக்கும் நாச்சிமுத்து தலையாட்டினார். கடைசியாக, சுவர் இந்த நிறத்தில் இருந்தால் நாங்கள் எடுபட மாட்டோம், கருஞ்சிவப்பு அடித்துவிடுங்கள் என்றன. அதற்கும், ஆடியை நினைத்துக்கொண்டு, பாதித் தலையாட்டினார்.

மறுநாள் ஆணி வந்தது. நல்ல நேரம் பார்த்து அடித்தார்கள். சுவர் வாங்கவில்லை. ஆணி மண்புழு மாதிரி சுருண்டு கீழே விழுந்தது. சுவரில் கீறல்கூட இல்லை.

துளசிமணி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாச்சிமுத்து அந்தச் சுருண்ட ஆணியை எடுத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். “வைராக்கியத்தப் பாருங்க” என்றார். கல்லூரியில் மகள் வாங்கிய மெடலை அவர் அப்படிக் காட்டியதில்லை.

பிறகு வந்தவை எல்லாம் வந்த வழியே போயின. பழக்கூடை ஓவியம் ஒன்று, சுவரைவிடச் சமையலறையை அதிக நேரம் பார்த்தது. நவீன ஓவியம் ஒன்றும் வந்தது. அதற்கு எது தலை எது கால் என்று தெரியாமல் துளசிமணி தலைகீழாக உட்காரவைத்துவிட்டாள். அது பெருந்தன்மையான ஓவியம். ஒன்றும் சொல்லாமல், தலைகீழாகவே காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் தரகர் போன பிறகு, துளசிமணி பாத்திரங்களை எடுத்து வைத்தபடி சொன்னாள்.

“ஏனுங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு அம்மிணி.”

“படமுன்னா அத நாலு பேரு பாக்கோணுமுன்னுதான வருது? நீங்க வாயத் தொறந்தா அத்தன பேரும் செவுத்தப் பாக்கறாங்க. படத்த ஆரு பாக்கறது? அடுத்த தடவ ஒரு வார்த்த பேசக் கூடாது. ஆமா.”

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பேசாமல் இருப்பதும் லேசான காரியமில்லை. அப்படிப்பட்ட சுவர்.

ஆனி முடியப் போகிற சமயத்தில் வெள்ளியங்கிரி மறுபடி வந்தார். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“ஒரு எடம் இருக்குதுங்ணா. சிறுசு. வசதி அவ்வளவா இல்ல. நீங்க சரின்னா மட்டும் வரச் சொல்றேன்.”

“வரச் சொல்லுங்க” என்றாள் துளசிமணி, கணவருக்கு முன்னால்.

அந்த ஓவியம் டவுன் பஸ்ஸில் வந்தது. படத்துக்குள் இருந்தது பெண் என்பதால் டிக்கெட் இல்லை, சட்டத்துக்கு மட்டும் நடத்துநர் லக்கேஜ் போட்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சாதாரண வேப்பமரச் சட்டம். படத்தில் ஒரு கூடம், சிவப்புத் தரை, மேலே உத்தரம். தரையில் காலை மடக்கி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இருக்க வேண்டிய சுவரை வரைந்தவர் வரையாமல் விட்டுவிட்டார். அந்த இடத்தில் வெறும் வெட்டவெளி. அங்கிருந்து காற்று கூடத்துக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. வரைந்த நாளிலிருந்து அவளுடைய முந்தானை பறந்தபடி இருக்க, அவள் ஒரு கையால் அதைப் பிடித்தபடி இருந்தாள். பக்கத்தில் ஒரு விளக்கு. சுவிட்சு வைக்கச் சுவர் இல்லாததால் அது எரிந்ததே இல்லை.

வாயைத் திறக்காமல் இருப்பதற்காக நாச்சிமுத்துவின் கையில் துளசிமணி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து வைத்திருந்தாள். அவர் உதட்டில் சொம்பை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். தரகர் மின்விசிறியைப் பார்த்தார். துளசிமணி தன் விரல்களைப் பார்த்தாள். சுவரைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள், ஓரத்தைப் பார்த்தாள், சுவிட்சுப் பலகையிலிருந்து தலையை நீட்டிய பல்லியைப் பார்த்தாள். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள்தான் கேட்டாள்.

“இதுக்குத் தண்ணி உட்டது ஆருங்க?”

இத்தனை ஓவியங்கள் வந்திருந்தும் யாரும் கேட்காத கேள்வி அது. அகலம் கேட்டிருக்கிறார்கள், வெளிச்சம் கேட்டிருக்கிறார்கள், அக்கம்பக்கம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

“நானுங்க” என்றார்.

“தெரியுதுங்க” என்றாள் அவள்.

ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்ட கணவரை அன்றுதான் துளசிமணி முதல்முறையாகப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தரகர் எழுந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஆணி வந்தது. சின்ன ஆணி, கொஞ்சம் துருப்பிடித்தது. நாச்சிமுத்து சுத்தியலை ஓங்குவதற்குள், அவர் விரலால் பிடித்துச் சுவரில் வைத்திருந்த ஆணி தானாகவே உள்ளே இறங்கியது. வேண்டிய அளவு வெளியே நின்றது.

நாச்சிமுத்து அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. “சம்மதம் சொல்லீருச்சு அம்மிணி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துளசிமணி அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் வந்து நின்றாள்.

ஆணிக்குப் பின்னாலேயே வெள்ளியங்கிரி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

“ஒரு விஷயமுங்ணா. மொதல்லயே சொல்லீருக்கோணும். அவங்க வூட்டுல செவுரு இல்லீங்க. நீங்களும் பாத்தீங்க. அதனால அவங்க இங்க வந்து இருக்கறதுக்கில்ல. உங்க செவுருதான் அங்க போகோணும்.”

துளசிமணி, பால் பாத்திரம் பிடிக்கிற துணியோடு அப்படியே நின்றாள்.

“செவுரு போயிட்டா, நாங்க இந்த வூட்டுல எப்படி இருக்கறது?”

“பில்லரு போட்ட வூடுதானுங்கக்கா. ஒண்ணும் ஆகாது.”

தரகர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அந்த நாகரிகம் அவருக்கு உண்டு. நாச்சிமுத்து சுவர் அருகே போனார். தினமும் காலையில் வைப்பதுபோல உள்ளங்கையை வைத்தார். வெயில் அந்தப் பக்கம் திரும்பாத நேரம் அது. இருந்தும் சுவர் கதகதவென்று இருந்தது. எதிர்வீட்டுக் குப்புராஜின் சுவர் வாசல் வழியாகத் தெரிந்தது. யாரோ அதில் புதிதாகப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள்.

“நம்ம கூடவே இருந்தா இன்னும் நாலு நாளு இருக்கும். அப்பறம் ஆடி” என்றார். “அந்தப் புள்ள ஒரு கையில முந்தானையப் புடிச்சுட்டே உக்காந்திருக்குது. மறு கை மட்டும் வெச்சு என்னத்தச் செய்யும்? அனுப்பீரலாம் அம்மிணி.”

சொல்லிவிட்டு அவர் சமையலறைப் பக்கம் போய்விட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சுவருக்கு முன்னால் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் விசேஷம். மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். குப்புராஜ் வந்து, சுவரைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுத் தடவிக்கொண்டார். ஓவியத்தை ஆணியில் மாட்டினார்கள். அந்தப் பெண் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்சம் ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

துளசிமணி இதுவரை அந்தச் சுவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவள் இல்லை. அவள்தான் இப்போது கட்டிப்பிடித்துக்கொண்டாள். சுவரைக் கட்டிப்பிடிப்பது சுலபமில்லை, கைகளை விரித்து அப்படியே சாய வேண்டியிருந்தது.

“போன எடத்துல ஈரம் கோத்துக்காம இரு” என்றாள். “உம்பட பல்லியையும் கூட்டிட்டுப் போ. அது வேற எங்கயும் பொழைக்காது.”

சுவர் இரண்டு ஓரங்களிலிருந்தும் மெல்ல நகர்ந்து, நடுவே தொங்கிய ஓவியத்துக்குள் போனது. அவ்வளவு பெரிய சுவர், சாப்பாட்டுத் தட்டை ஒத்த படத்துக்குள் இடிக்காமல் போய் நின்றது. “போன எடத்துக்குத் தக்க இருந்துக்கும்ங்ணா. வளத்த வளப்பு அப்படி” என்றார் வெள்ளியங்கிரி. சுவிட்சுப் பலகை போனது. பல்லி போனது. மாட்டியிருந்த ஆணியும் சுவரோடு உள்ளே போனது. ஓவியம் அந்த ஆணியில்தான் தொங்கியது, முன்பு தொங்கிய அதே உயரத்தில்.

படத்துக்குள் அந்தப் பெண் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. நுங்கின் நிறச் சுவரில் அந்த வெளிச்சம் பரவியபோது, பந்தியில் இருந்தவர்கள்கூடக் கையைக் கழுவாமல் எழுந்து வந்து பார்த்தார்கள். நாச்சிமுத்து இப்போது பேசலாம் என்று துளசிமணி கண்ணைக் காட்டினாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்தது. உடுமலையில் ஆடி என்றால் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்டு, வழியில் இருக்கும் காற்றாலைகளையெல்லாம் சுற்றிவிட்டு, நேராக நாச்சிமுத்துவின் வரவேற்பறைக்குள் வந்தது. செய்தித்தாள் பறந்தது. காப்பித் தம்ளருக்கு மூடி போட வேண்டியிருந்தது. சோபாவில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும், தெருவுக்கும் இவர்கள் முழுக்கத் தெரிவார்கள். அவர்களுக்கு நேர் எதிரே, சுவர் இருந்த இடத்தில், கண் மட்டத்தில், ஓவியம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் அந்தப் பெண் சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. முந்தானை தரையில் படிந்து கிடந்தது. நாச்சிமுத்து தினமும் காலையில் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். இவ்வளவு அழகான சுவரைத் தானா நனைத்து வளர்த்தோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். பின்னால் துளசிமணி, பறக்கிற முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருக்குச் சொம்பை நீட்டுவாள்.

ஒரு நாள் வெள்ளியங்கிரி தெருவிலேயே நின்று கூப்பிட்டார். வாசல் வழியாக வர வேண்டிய தேவை இப்போது இல்லை.

“ஏங்ணா, உங்க ரெண்டு பேரையும் பாக்கோணுமுன்னு ஒரு செவுரு கேக்குதுங்க. தாராபுரத்துக்காரங்க. தங்கமான எடம்.”

“எப்ப வருதுங்க?” என்றார் நாச்சிமுத்து.

“நாளைக்கு நல்ல நாளுங்க.”

மறுநாள் துளசிமணி வாழைக்காய் சீவினாள். நாச்சிமுத்து வெள்ளை வேட்டி கட்டி, சோபாவின் வலது ஓரத்தில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தார். துளசிமணி பட்டுச்சேலை கட்டி, இடது ஓரத்தில், முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் இருவரும் ஓவியத்தைப் பார்த்தார்கள். உள்ளே அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, “அசையாதீங்க மாமா. அத்தை, நீங்களும்” என்றாள்.

தாராபுரத்துச் சுவர் தெருவோரமாக மெதுவாக நடந்து வந்தது. வயது கூடிய சுவர். பாதிக்குமேல் பூச்சு இல்லாமல் செங்கல் தெரிந்தது. குப்புராஜின் சுவரைக் கடக்கும்போது, ஒட்டியிருந்த சுவரொட்டிகளைப் பார்க்காததுபோலக் கடந்து வந்தது. வந்து, கொஞ்சம் தள்ளி, மரியாதையாக நின்றது. அது நின்றதும் வரவேற்பறைக்குள் காற்று நின்றுவிட்டது. துளசிமணியின் முந்தானை தழைந்து மடியில் விழுந்தது. அவள் கை அதைப் பிடித்தபடியே இருந்தது.

சுவர் நாச்சிமுத்துவைப் பார்த்தது. மேலிருந்து கீழாகப் பார்த்தது. நரைத்த மீசையைப் பார்த்தது, வெயிலில் கறுத்தும் வெடிப்பில்லாத கைகளைப் பார்த்தது. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. தரகர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவருக்குத் தண்ணி உட்டது ஆருங்க?” என்று கேட்டது.

“நானுங்க” என்றாள் துளசிமணி, தட்டை அதன் பக்கம் நகர்த்தி வைத்தபடி.